ஃபோர்டு எஃப்3எல்: காற்றை வென்ற கார் ஏன் ஒரு பந்தயத்தையும் முடிக்கவில்லை?

மின்சாரக் கார் விளம்பரங்களில் இப்போது ஓர் எண் அடிக்கடி கண்ணில் படுகிறது. காற்றுத் தடைக் கெழு, அதாவது காரின் வடிவம் காற்றில் எவ்வளவு தடைபடுகிறது என்பதன் அளவு, 0.23, 0.21 என்று போட்டிருப்பார்கள். அந்த எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல கார் என்ற எண்ணம் நமக்குத் தானாகவே வந்துவிடுகிறது. ஒரே சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று கணக்குப் பார்க்கும் காருக்கு அது பெருமளவு சரியும்கூட.

1968-ல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், பைஃப்லீட் என்ற ஊரில் ஒரு பந்தயக் கார் தயாரானது. அதன் காற்றுத் தடைக் கெழு 0.27 என்று சொல்வார்கள். அன்றைய பந்தயக் காருக்கு இது அசாத்தியமான எண். பெயர் ஃபோர்டு எஃப்3எல். பி68 என்றும் சொல்வதுண்டு. தாழ்ந்த மூக்கு, குமிழ் போன்ற கூரை, வழுக்கிக்கொண்டு பின்னால் இறங்கும் நீண்ட வால். சிவப்பும் பொன்னிறமுமாக அது நிற்கும் படத்தைப் பார்க்கும் யாரும், இது எத்தனை கோப்பை வாங்கியது என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒன்றுகூட இல்லை. தொடங்கிய பந்தயம் ஒன்றைக்கூட அது முடிக்கவில்லை.

அது ஏன் என்று புரிய, முதலில் ஒரு விதிமாற்றத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

மூன்று லிட்டர் என்ற கோடு

1966-லும் 1967-லும் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஃபோர்டு 7 லிட்டர் இன்ஜின்களை வைத்து வென்றது. கார்கள் மிதமிஞ்சிய வேகத்தை எட்டிவிட்டன. 1967 லே மான் முடிந்த கையோடு, சர்வதேச மோட்டார் பந்தய ஆணையம் அடுத்த ஆண்டுக்கான விதியை அறிவித்தது. சாரம் இரண்டே வரிதான்:

1. புரோட்டோடைப் கார்களுக்கு, அதாவது பந்தயத்துக்கென்றே ஓரிரண்டு மட்டும் செய்யப்படும் கார்களுக்கு, இன்ஜின் 3 லிட்டருக்கு மேல் கூடாது.
2. குறைந்தது 50 கார்கள் செய்திருந்தால் அது ஸ்போர்ட்ஸ் கார் வகை. அதற்கு 5 லிட்டர் வரை அனுமதி.

அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே இருந்தது சுமார் ஆறு மாதம். புதிய பந்தயக் கார் ஒன்றை வரைந்து, செய்து, ஓட்டிப் பார்த்து, பிழை திருத்த ஆறு மாதம் போதாது. பின்னால் நடந்தவற்றில் பாதிக்கு இந்த அவசரமே காரணம் என்பது என் கணிப்பு.

அமெரிக்கத் தாய் நிறுவனம் லே மானில் இருந்து தன் தொழிற்சாலை அணியை விலக்கிக்கொண்டது. ஆனால் பிரிட்டிஷ் ஃபோர்டிடம் ஒரு புதையல் இருந்தது. 1 லட்சம் பவுண்டு கொடுத்து காஸ்வொர்த் நிறுவனத்தின் கீத் டக்வொர்த்தைச் செய்யவைத்த டிஎஃப்வி இன்ஜின்தான் அது. எட்டு சிலிண்டர், சரியாக 3 லிட்டருக்குள் அடங்குவது. 1967 ஜூன் 4 அன்று நெதர்லாந்தின் ஸாண்ட்வூர்ட்டில் முதல் ஃபார்முலா 1 பந்தயத்திலேயே ஜிம் கிளார்க்கின் காரில் இருந்து அது வென்றது. புதிய விதி 3 லிட்டர் கேட்கிறது, உலகின் தலைசிறந்த 3 லிட்டர் இன்ஜின் கையில் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாமே என்று தோன்றியதில் வியப்பில்லை. பொறுப்பு ஆலன் மானின் அணிக்குப் போனது. வடிவமைத்தவர் லென் பெய்லி.

இன்ஜின் சிறுத்தால் உடல் ஏன் மெலிகிறது?

பெய்லியின் வடிவத்தை அழகுக்காகச் செய்ததாக நினைத்துவிடக் கூடாது. அதன் பின்னால் தெளிவான ஒரு கணக்கு இருக்கிறது.

1. வேகம் இரண்டு மடங்கானால் காற்று காரைப் பின்னுக்கு இழுக்கும் விசை நான்கு மடங்காகும்.
2. அந்த விசையை இரண்டு மடங்கு வேகத்தில் எதிர்த்துத் தள்ள வேண்டும் என்பதால், தேவைப்படும் குதிரைத்திறன் எட்டு மடங்காகும்.
3. ஆகவே 7 லிட்டரை 3 லிட்டராகக் குறைத்துவிட்ட பிறகு, இன்ஜினை முறுக்கி வேகத்தைத் திரும்பப் பெறுவது ஏறத்தாழ முடியாத காரியம்.
4. மிச்சமிருக்கும் ஒரே வழி, காற்றுக்குப் பிடி கொடுக்காத உடல்.

லே மானில் அன்று சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்கு இடையில் எந்தத் தடுப்பு வளைவும் இல்லாத நேர்ச்சாலை இருந்தது. அங்கே யார் வேகமாகப் போகிறார்களோ அவர்களுக்கே பந்தயம் என்பது அன்றைய நம்பிக்கை. எஃப்3எல் ஏட்டுக் கணக்குப்படி மணிக்கு 350 கிலோமீட்டரைத் தொட வேண்டிய கார். சுமார் 400 குதிரைத்திறனில் அது பெரிய சாதனை.

அதுவரை கணக்கு சரிதான். விட்டுப்போனது இன்னொரு கணக்கு.

காற்றுத் தடை வேறு, தூக்குவிசை வேறு

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. காற்றுத் தடை என்பது காரைப் பின்னோக்கி இழுப்பது. தூக்குவிசை என்பது காரை மேல்நோக்கிக் கிளப்புவது. ஒன்று குறைந்தால் மற்றதும் குறையும் என்று எந்த விதியும் இல்லை. பல சமயம் நேர்மாறாகவே நடக்கும்.

புயல் நாளில் தகரக் கூரை பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காற்று கூரையை அடியில் இருந்து மட்டும் தள்ளுவதில்லை. கூரைக்கு மேலே விரைந்து ஓடும் காற்றில் அழுத்தம் குறைந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் அப்படியே இருக்கிறது. அந்த வித்தியாசம் தகரத்தை மேலே உறிஞ்சி எடுக்கிறது. வழவழப்பாக வளைந்த கூரையும் நீண்டு சரியும் வாலும் உள்ள காரிலும் இதுதான் நடக்கிறது. காற்று உடலை விட்டுப் பிரியாமல் வால்வரை ஒட்டிக்கொண்டே இறங்குகிறது. பிரியாததால் தடை குறைவு. அதே காரணத்தால் பின்பாகத்தின் மேல் அழுத்தமும் குறைவு. வால் மேலே போகப் பார்க்கும்.

அளவு புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. 700 கிலோ கார் ஒன்று. பின்சக்கரங்கள் மேல் 420 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 150 கிலோமீட்டர் வேகத்தில் வாலில் தூக்குவிசை 25 கிலோ என்றால் டிரைவருக்குத் தெரியவே தெரியாது. 300 கிலோமீட்டரில் அதுவே 100 கிலோ. பின்டயர்கள் தரையை அழுத்தும் பாரத்தில் ஏறத்தாழ கால்பங்கு காணாமல் போய்விட்டது. அந்த நிலையில் சாலையில் ஒரு சின்ன மேடு வந்தாலும், ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினாலும், பின்பக்கம் தன் போக்கில் போகத் தொடங்கும். எஃப்3எல்லில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி வேறு குறைவு. அப்படிப்பட்ட கார் திரும்பத் தொடங்கினால் சட்டென்று திரும்பிவிடும். பிடித்து நிறுத்த அவகாசம் தராது.

இதற்கு மருந்து என்ன? தகரக் கூரை மேல் மணல் மூட்டை வைப்பதுபோல் எடையைக் கூட்டலாம். ஆனால் பந்தயக் காருக்கு எடை விஷம். இன்னொரு வழி, காற்றையே வைத்து வாலை அழுத்துவது. வாலின் நுனியில் ஒரு தடுப்பை நிமிர்த்தினால், அதாவது ஸ்பாய்லர் வைத்தால், ஒட்டி வரும் காற்று அங்கே தடுக்கப்பட்டு அழுத்தம் ஏறும். தலைகீழ் விமான இறக்கை வைத்தால் இன்னும் நல்லது. இரண்டுமே காற்றுத் தடையைக் கூட்டும். 0.27 என்ற எண் கையைவிட்டுப் போகும்.

இறக்கையின் பலன் அன்று யாருக்கும் தெரியாத ரகசியமாகவும் இருக்கவில்லை. அமெரிக்காவின் சப்பரல் 2எஃப் என்ற கார் உயரமான இறக்கையோடு ஐரோப்பாவுக்கு வந்து, 1967-ல் பிராண்ட்ஸ் ஹேட்ச் பிஓஏசி பந்தயத்தை வென்றிருந்தது. ஓட்டியவர்கள் ஃபில் ஹில், மைக் ஸ்பென்ஸ். அடுத்த ஆண்டு அதே ஸ்பென்ஸ், அதே பிராண்ட்ஸ் ஹேட்சில், இறக்கையும் இல்லாத, வால் தடுப்பும் இல்லாத எஃப்3எல்லில் உட்கார்ந்தார்.

1968 ஏப்ரல் 7

லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தில் இருக்கிறது பிராண்ட்ஸ் ஹேட்ச். ஏற்ற இறக்கமும் வளைவும் நிறைந்த பாதை, நேர்ச்சாலை குறைவு. ஆகவே எஃப்3எல்லின் பெரிய குறை இங்கே முழுதாக வெளிப்படவில்லை. ஆறு மணி நேரப் பந்தயத்துக்கு இரண்டு கார்கள் வந்தன, ஒன்றுதான் புறப்பட்டது. புரூஸ் மக்லாரன் அதைச் சிறிது நேரம் முன்னிலைக்கே கொண்டுபோனார். புத்தம் புதிய காருக்கு இது பிரமாதமான தொடக்கம்.

அப்புறம் ஒரு ரப்பர் வளையம் கிழிந்தது.

கியர்பாக்ஸில் இருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டில் ஓர் இணைப்பு இருக்கும். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது தண்டும் சற்று மடங்க வேண்டும், நீள வேண்டும் என்பதற்காக, அந்த இடத்தில் வடை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள ஒரு கனமான ரப்பர் வளையத்தை அன்று பயன்படுத்தினார்கள். எளிமையானது, அதிர்வைத் தாங்கிக்கொள்வது, உயவு எண்ணெய் கேட்காதது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது மடங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு மடங்கலிலும் சூடாகிறது. 400 குதிரைத்திறன் அதை முறுக்கும்போது, இரண்டு மணி நேர ஃபார்முலா 1 பந்தயத்தைத் தாங்கலாம். ஆறு மணி நேரம் என்பது வேறு விஷயம். வளையம் போனது, காரும் நின்றது.

அன்று பந்தயத்தை வென்றது எது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜாக்கி இக்ஸும் பிரையன் ரெட்மனும் ஓட்டிய ஃபோர்டு ஜிடி40. 5 லிட்டர் வகையில் வந்த பழைய கார், ஆனால் பல ஆண்டுகள் ஓடி ஓடிப் பிழை களையப்பட்ட கார்.

அந்த நாளுக்கு இன்னொரு துயரமும் உண்டு. எஃப்3எல்லை ஓட்டுவதாக முதலில் பேசப்பட்டவர் ஜிம் கிளார்க். அவர் அதற்குப் பதிலாக ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஃபார்முலா 2 பந்தயத்துக்குப் போனார். அங்கே நடந்த விபத்தில் அதே ஏப்ரல் 7 அன்று இறந்தார். ஒரு மாதம் கழித்து, மே 7 அன்று, மைக் ஸ்பென்ஸ் இண்டியனாபொலிஸில் வேறொரு கார் விபத்தில் இறந்தார். எஃப்3எல்லுக்கும் இந்த மரணங்களுக்கும் தொடர்பில்லை. ஆனால் குறையைக் கண்டு சொல்லி, காரை வளர்த்தெடுக்கக்கூடிய கைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன.

ஃபிளுக்ப்ளாட்ஸ் மேட்டில்

மே மாதம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர் பந்தயம். ஒரு சுற்றே 22.8 கிலோமீட்டர். மலை, காடு, பள்ளத்தாக்கு எல்லாம் தாண்டிப் போகும் பாதை. அதில் ஃபிளுக்ப்ளாட்ஸ் என்று ஓர் இடம். அந்தச் சொல்லுக்கு விமானத் திடல் என்று பொருள். அங்கே சாலை ஏறி, உச்சியில் சட்டென்று மட்டமாகும். வேகமாக வரும் கார்களின் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பிவிடும்.

முந்தைய பகுதியில் பார்த்த தூக்குவிசையை இங்கே பொருத்திப் பாருங்கள். ஏற்கெனவே மேலெழும்பப் பார்க்கும் ஒரு காரை, சாலையே மேலே எறிகிறது. பயிற்சி ஓட்டத்தின்போது கிறிஸ் இர்வின் ஓட்டிய எஃப்3எல் அந்த இடத்தில் கட்டுப்பாட்டை இழந்து நொறுங்கியது. இர்வினுக்குத் தலையில் கடுமையான காயம். உயிர் பிழைத்தார், ஆனால் அதன் பின் அவர் பந்தயம் ஓட்டவே இல்லை. விபத்துக்கு உடனடிக் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்த வடிவத்தில் ஒரு காரை அந்த மேட்டுக்கு அனுப்பியது பெரிய அபாயம் என்பதை இன்று மறுக்க முடியாது. ஒரு மனிதரின் வாழ்க்கை திசைமாறியது. எஃப்3எல்லின் அழகைப் பேசும்போது அவரை விட்டுவிட்டுப் பேசக் கூடாது என்று நினைக்கிறேன்.

அணியின் இன்னொரு காரை ஃபிராங்க் கார்ட்னரும் ரிச்சர்ட் ஆட்வுட்டும் ஓட்டினார்கள். அதுவும் சீக்கிரமே விலகியது. ஆட்வுட்டின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

ஸ்பா: வேகம் இருந்தது, ஒரு சுற்று தாங்கவில்லை

ஒரு வாரம் கழித்து பெல்ஜியத்தின் ஸ்பா. அன்று அது 14 கிலோமீட்டர் நீளமுள்ள, பொதுச்சாலைகளில் ஓடும் அதிவேகப் பாதை. தகுதிச் சுற்றில் கார்ட்னர் எல்லோரையும் முந்தி முதலிடம் பிடித்தார். 3 லிட்டரில் இவ்வளவு வேகமா என்று மற்ற அணிகள் திகைத்திருக்கும். பெய்லியின் முதல் கணக்கு பொய்யில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பந்தய நாளில் மழை கொட்டியது. முதல் சுற்றிலேயே தண்ணீர் மின்கருவிகளுக்குள் புகுந்து கார் நின்றது. மழையில் ஓட்டிப் பார்த்து, எங்கே நீர் தெறிக்கிறது என்று கண்டு, ஒரு மூடி போட்டால் தீர்ந்திருக்கும் குறை. வென்றது மறுபடியும் இக்ஸும் ரெட்மனும் ஓட்டிய அந்தப் பழைய ஜிடி40தான். அதன் பிறகும் கார் பல இடங்களுக்குப் போனது, வேகமும் காட்டியது, ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று உடைந்தது. வாலில் ஸ்பாய்லர் வைத்துப் பார்த்தார்கள். நிலைமை கொஞ்சம் தேறியது, தீரவில்லை.

பி69: மருந்து வந்தபோது தடை வந்தது

1969-ல் பெய்லி எதிர்த்திசைக்குத் திரும்பினார். கூரையில்லாத, தாழ்ந்த புதிய கார், பி69. முன்னும் பின்னும் இறக்கைகள். அவற்றின் கோணத்தை ஹைட்ராலிக் முறையில் மாற்றிக்கொள்ளலாம். நேர்ச்சாலையில் படுத்துக்கொள்ளும், வளைவில் நிமிர்ந்து அழுத்தும். காற்றுத் தடையா, தரைப்பிடிப்பா என்ற கேள்விக்கு இரண்டும் வேண்டும் என்று சொன்ன யோசனை இது. இன்றைய ஃபார்முலா 1 கார்களின் அசையும் இறக்கைகளைப் பார்க்கும்போது, எவ்வளவு முன்னதாக யோசித்திருக்கிறார் என்று மலைப்பாக இருக்கிறது.

ஆனால் 1969 மே 4 அன்று பார்சிலோனாவின் மோன்ஜுயிக் ஃபார்முலா 1 பந்தயத்தில், கிரஹாம் ஹில், யோஹன் ரிண்ட் இருவரின் லோட்டஸ் கார்களிலும் உயர இறக்கைகள் முறிந்து பயங்கர விபத்துகள் நடந்தன. அடுத்து மொனாக்கோ பந்தயத்தின்போதே ஆணையம் தலையிட்டது. அசையும் இறக்கைகளுக்குத் தடை வந்தது. பி69 எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. திட்டம் அத்தோடு நின்றது.

அதே நோய், வேறு முடிவு

எஃப்3எல்லின் தோல்விக்கு வடிவம் மட்டுமே காரணமா? பக்கத்தில் ஒரு காரை வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

1969-ல் வெளிவந்த போர்ஷே 917-க்கும் இதே நோய்தான். நீண்ட வால், குறைந்த காற்றுத் தடை, நேர்ச்சாலையில் நிற்காத ஆட்டம். அந்த ஆண்டு லே மானில் ஜான் வூல்ஃப் முதல் சுற்றிலேயே 917-ல் விபத்துக்குள்ளாகி இறந்தார். அக்டோபரில் காரை ஆஸ்திரியாவின் ஸெல்ட்வெக் பாதைக்குக் கொண்டுபோய் நாள்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். போர்ஷேவுக்காக 917-ஐப் பந்தயங்களில் இறக்கவிருந்த ஜான் வையரின் அணியைச் சேர்ந்த பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் ஒன்றைக் கவனித்தார். காரின் முன்பக்கமெல்லாம் கொசு போன்ற சிறு பூச்சிகள் அடிபட்டு ஒட்டியிருந்தன. வாலில் இருந்த ஸ்பாய்லர்களில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் காற்று அங்கே படவே இல்லை; ஸ்பாய்லர் வெறும் அலங்காரமாக நின்றுகொண்டிருக்கிறது. உடனே அலுமினியத் தகடுகளை வெட்டி, வாலை உயர்த்தி ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். கார் அடங்கிவிட்டது.

1970 லே மானை 917 வென்றது. ஓட்டியவர்கள் ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் ஆட்வுட்டும். ஆம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் நூர்பர்க்ரிங்கில் எஃப்3எல்லோடு போராடிய அதே ஆட்வுட்.

இரண்டு அணிகளுக்கும் இடையே இருந்த வேறுபாட்டை இப்படிச் சொல்லலாம்:

1. போர்ஷே 25 கார்களைச் செய்துவிட்டது. பின்வாங்க முடியாத முதலீடு. ஃபோர்டுக்கு எஃப்3எல் ஒரு சின்ன பக்கத் திட்டம், கைவிடுவது எளிது.
2. 917-க்குப் பந்தயங்களுக்கு வெளியே தனியாகச் சோதனை நாட்கள் கிடைத்தன. எஃப்3எல்லுக்குப் பந்தயமே சோதனையாக அமைந்தது. ஏப்ரலில் தொடங்கி நாடு நாடாகப் போன அணிக்கு நின்று யோசிக்க இடமில்லை.

பெய்லியின் திறமையைக் குறை சொல்லும் எழுத்துகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. காற்று காரை எப்படி அழுத்தும் என்பதை 1968-ல் எல்லோரும் பாதையிலேயே கற்றுக்கொண்டிருந்தார்கள். ஃபார்முலா 1 கார்களுக்கு இறக்கை முளைத்ததும் அந்தக் கோடையில்தான்.

டிஎஃப்வி இன்ஜினுக்கு என்ன ஆனது?

இன்னொரு சந்தேகம் மிச்சம் இருக்கும். ஃபார்முலா 1 இன்ஜினை நீண்ட பந்தயத்துக்கு எடுத்ததே தவறா? டிஎஃப்வி இயல்பிலேயே அதிகம் அதிரும் இன்ஜின். அந்த அதிர்வு ஆறு மணி, பத்து மணி நேரம் என்று நீளும்போது குழாய்களை விரிசல் விடவைக்கும், மின்கம்பிகளைக் கழற்றிவிடும். அது பிறந்தது இரண்டு மணி நேர ஓட்டத்துக்காக.

ஆனால் எஃப்3எல் கைவிடப்பட்டு ஆறு ஆண்டுகள் கழித்து, 1975-ல், லே மான் 24 மணி நேரத்தை ஒரு டிஎஃப்வி வென்றது. கல்ஃப் மிராஜ் ஜிஆர்8 என்ற காரில், ஜாக்கி இக்ஸ், டெரெக் பெல் ஓட்டினார்கள். 1980-ல் ஜான் ரொண்டோ, தன் பெயரிலேயே செய்த காரில் அதை மறுபடி செய்தார். மிராஜில் இன்ஜினின் சுழல்வேகத்தைக் குறைத்து, சக்தியில் ஒரு பகுதியை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருந்தார்கள். அதன் வாலுக்கு மேல், காற்றுத் தடையைப் பற்றிக் கவலைப்படாமல், அகலமாக ஓர் இறக்கை நின்றிருந்தது.